இருட்டறையில் முதல் செமஸ்டர்: ஒரே ஃபிலிம், ஒரே டெவலப்பர்

புகைப்படத்தைச் சிறப்புப் பாடமாக எடுப்பவர்களுக்குப் பல கல்லூரிகளில் முதல் வேலை கருப்பு-வெள்ளை இருட்டறையில்தான். அந்த செமஸ்டர் முடியும்வரை ஒரே கேமரா, ஒரே லென்ஸ், ஒரே ஐஎஸ்ஓ 400 (ஒளி உணர்திறன் அளவு) ஃபிலிம், ஒரே டெவலப்பர் (ஃபிலிமிலும் தாளிலும் பதிந்த படத்தை வெளிக்கொணரும் ரசாயனம்) என்று இருங்கள். ரோலுக்கு ஒன்றை மாற்றிக்கொண்டே போனால் பிழை எங்கிருந்து வந்தது என்று ஆசிரியராலும் சொல்ல முடியாது.

டெவலப் செய்யும் டேங்குக்குள் போகும் சுருளான ரீலில் ஃபிலிம் சுற்றுவதை ஒரு வீண் ரோலை வைத்து முதலில் வெளிச்சத்திலும், பிறகு கண்ணை மூடிக்கொண்டும் பழகுங்கள். பிளாஸ்டிக் ரீலில் கொஞ்சம் ஈரம் இருந்தாலும் ஃபிலிம் பாதியில் சிக்கும். முரட்டுத்தனமாகத் தள்ளினால் மடிந்து, நெகட்டிவில் பிறை வடிவத் தழும்பு விழும்.

கோடக் டிரை-எக்ஸ் 400 என்றால், டி-76 டெவலப்பரும் தண்ணீரும் சம அளவு, 20 டிகிரி செல்சியஸ், 9¾ நிமிடம். முதல் 30 விநாடி டேங்கைத் தொடர்ந்து கவிழ்த்து நிமிர்த்துங்கள். அதன்பின் 30 விநாடிக்கு ஒருமுறை 5 விநாடி போதும். ஒவ்வொரு முறையும் டேங்கை மேசையில் லேசாகத் தட்டினால் குமிழிகள் விலகும். டெவலப்பரின் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத் 30 விநாடி, படத்தை நிலைநிறுத்தும் ரேப்பிட் ஃபிக்ஸர் 5 நிமிடம், பிறகு ஓடும் தண்ணீரில் அலசல். தண்ணீர் கலந்த டெவலப்பரை ஒரு தடவையோடு கொட்டிவிடுங்கள்.

ஃபிலிம் வெறுமையாக வந்தால் பதறாமல் ஓரத்தைப் பாருங்கள். ஓர எழுத்துகளும் எண்களும் தெரிந்தால் டெவலப்பர் வேலை செய்திருக்கிறது. பெரும்பாலும் கேமராவில் ஃபிலிம் நகர்ந்திருக்காது. எழுத்தும் இல்லையென்றால் டெவலப்பர் செத்துவிட்டது, அல்லது ஃபிக்ஸரை முதலில் ஊற்றிவிட்டீர்கள். பால் போல மங்கலாக இருந்தால் ஃபிக்ஸர் போதவில்லை. புது ஃபிக்ஸரில் மறுபடி போட்டால் சரியாகிவிடும்.

நெகட்டிவிலிருந்து பிரின்ட் போடும்போது முதலில் டெஸ்ட் ஸ்ட்ரிப்: ஒரு தாள் கீற்றில் வெவ்வேறு நேரம் ஒளி காட்டிப் பார்க்கும் சோதனை. தாளை மிச்சம் பிடிக்க இதைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகத் தாளை வீணாக்குகிறார்கள். நெகட்டிவைத் தாளில் பெரிதாக்கி விழச் செய்யும் என்லார்ஜரில் அப்பர்ச்சர் (லென்ஸ் திறப்பு) எஃப் 8, கருப்பு-வெள்ளை வேறுபாட்டை மாற்றும் ஃபில்டரில் 2-ஆம் எண். அட்டையை நகர்த்தி நகர்த்தி 5, 10, 15, 20, 25 விநாடிப் பட்டைகள். கீற்றை முகமோ வானமோ, படத்தின் முக்கியமான வெளிச்சப் பகுதியில் வையுங்கள். வெளிச்சப் பகுதியைப் பார்த்து நேரத்தையும், கருமையைப் பார்த்து ஃபில்டரையும் முடிவு செய்வதே முறை. கருமை சாம்பலாகத் தெரிந்தால் எண்ணைக் கூட்டுங்கள்.

சிவப்பு விளக்கில் பிரின்ட் உள்ளதைவிட இருண்டு தெரியும். பயந்துபோய் டெவலப்பரிலிருந்து முன்னதாகவே எடுத்தால் அழுக்குச் சாம்பல்தான் மிஞ்சும். முழு நேரமும் விடுங்கள். இருட்டாக வந்தால் அடுத்த தாளுக்கு ஒளியைக் குறையுங்கள். காய்ந்தபின் இன்னும் சற்று இருளும் என்பதால் ஈரத்தில் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

வகுப்பு விமர்சனத்துக்கு 36 படங்களையும் கொண்டுபோக வேண்டாம். எல்லா நெகட்டிவ்களையும் அதே அளவில் ஒரே தாளில் பிரின்ட் போட்ட காண்டாக்ட் ஷீட்டும், அதிலிருந்து தேர்ந்த மூன்று பிரின்ட்களும் போதும். ஒவ்வொன்றின் பின்னாலும் நெகட்டிவ் எண், விநாடி, அப்பர்ச்சர், ஃபில்டர் நான்கையும் மென்மையான பென்சிலால் எழுதிவையுங்கள்; பேனா மை முன்பக்கம் ஒட்டிக்கொள்ளும்.