முத்துச்சரச் செடியின் உச்சி காலியாகிறதா?

தொங்கும் தொட்டியில் வளர்க்கும் முத்துச்சரச் (ஸ்ட்ரிங் ஆஃப் பேர்ல்ஸ்) செடிக்குக் கிழமை பார்த்துத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். மணிகளை, அதாவது அதன் உருண்டை இலைகளை, தொட்டுப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் தேவையில்லை. லேசாகச் சுருங்கி, மண்ணும் காய்ந்திருந்தால் நன்றாக ஊற்றி வடிய விடுங்கள். ஈரம் தேங்கினால் வேர் அழுகிவிடும். அதனால் ஆழமில்லாத தொட்டியும் கரடுமணல் கலந்த மண்ணும்தான் நல்லது.

அப்புறம், பலரும் கவனிக்காதது: உயரத்தில் மாட்டினால் சரங்களுக்கு வெளிச்சம் கிடைக்கும், தொட்டியின் மேல்பக்கம் இருட்டில் கிடக்கும். அங்கேதான் முதலில் காலியாகும். ஜன்னல் மட்டத்துக்கு இறக்கி மாட்டுங்கள். நீண்ட சரம் ஒன்றை வெட்டி, வளையமாகச் சுருட்டி, கணுக்கள் மண்ணைத் தொடும்படி அந்த இடத்தில் வையுங்கள். சில வாரங்களில் வேர் பிடிக்கும்.

மணிகள் நச்சுத்தன்மை உள்ளவை. குழந்தைகளுக்கும் பூனைகளுக்கும் எட்டக் கூடாது.