முகக்கவசத்தோடு நடக்கையில் கண்ணாடி மங்குவதற்கு என் அனுபவத் தீர்வு

லண்டனில் 2021 மார்ச் 29 முதல் வெளியில் ஆறு பேர் வரை சேர்ந்து நடக்கலாம் என்று கொரோனா கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள். செர்ரி பூத்தாலும் காலைக் குளிர் விடவில்லை. முகக்கவசத்தோடு நடந்தால் மூக்குக் கண்ணாடி மங்கிவிடும். சாலையைக் கடக்கும்போது இது நிஜமாகவே ஆபத்து.

சூடான ஈர மூச்சு மூக்கின் இரு பக்க இடைவெளி வழியே மேலேறி, குளிர்ந்த லென்ஸில் படிவதுதான் காரணம். அதனால் முதல் வேலை அந்த இடைவெளியை அடைப்பது. கவசத்தின் மேல் ஓரத்தில், மூக்கின் மேல் படியும் கம்பியை நடுவில் கிள்ளாதீர்கள்; அது கூர்மையாக மடிந்து நின்று, இரு பக்கமும் ஓட்டை விழும். இரண்டு ஆள்காட்டி விரல்களாலும் நடுவிலிருந்து கன்னம் வரை அழுத்திக்கொண்டே வாருங்கள். துணிக் கவசத்தில் கம்பி இல்லையென்றால் 10 செ.மீ. அலுமினியப் பட்டையின் முனைகளை மடித்து, மேல் தையலுக்குள் செருகலாம். சர்ஜிக்கல் மாஸ்க் என்றால் காதுக் கயிற்றை மாஸ்க் ஓரத்தை ஒட்டி முடிச்சுப் போட்டு, பக்கத்தில் பிதுங்கும் மடிப்பை உள்ளே தள்ளுங்கள். கண்ணாடி மாஸ்க்கின் மேல் உட்காரட்டும்.

அடுத்தது லென்ஸ். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டுக் கழுவி, உதறி, துடைக்காமல் உலரவிடுங்கள். மிஞ்சும் மெல்லிய படலம் நீரைத் துளியாக நிற்கவிடாது. ஏற்கெனவே மங்கல் தடுப்புப் பூச்சு உள்ள லென்ஸுக்கு இது வேண்டாம்.

இத்தனைக்கும் பிறகு பாதி வழியில் மங்கினால் துணி நனைந்துவிட்டது என்று அர்த்தம். ஈரத் துணி வழியே மூச்சு எளிதாகப் போகாது, ஓரமாகத்தான் அதிகம் தப்பும். மாற்று மாஸ்க் ஒன்று பையில் இருக்கட்டும்.