கார் பின்பக்க ரிஃப்ளெக்டரை மாற்றும் முன் ஒரு டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள்

காரின் பின் பம்பரில் இரண்டு ஓரத்திலும் சிவப்பாக ஒரு பட்டை இருக்கும். அதை விளக்கு என்றே பலரும் நினைத்திருப்பார்கள். நிறைய கார்களில் அது ஒயரே போகாத வெறும் ரிஃப்ளெக்டர், அதாவது தன்மேல் படும் ஒளியைத் திருப்பி அனுப்பும் பட்டை. அதைக் கழற்றிவிட்டு எல்இடி பட்டை மாட்டுவது, இல்லையென்றால் மேலே கறுப்பு ஃபிலிம் ஒட்டுவது, இந்த இரண்டுக்கும்தான் புதிதாகக் கார் வேலையில் இறங்குபவர்கள் ஆசைப்படுகிறார்கள். முதலாவதைச் சரியாகச் செய்யலாம். இரண்டாவது வேண்டவே வேண்டாம். பேட்டரி செத்து, ஒரு விளக்கும் எரியாமல் இருட்டில் கார் ஓரமாக நிற்கும்போது, பின்னால் வருகிறவர் கண்ணில் படுவது அந்தப் பட்டை மட்டும்தான்.

பட்டையைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். உள்ளே தேன்கூடு மாதிரி சின்னச் சின்னக் கட்டங்கள் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு பெட்டியின் உள்மூலை போல, ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று முகங்கள் கொண்டது. உள்ளே வரும் ஒளி மூன்று முகத்திலும் பட்டு, வந்த திசைக்கே திரும்பிப் போகும். மூலைகளுக்குப் பின்னால் காற்று இருப்பதால்தான் இது நடக்கிறது. அங்கே தண்ணீர் புகுந்தாலோ பசை பட்டாலோ அந்த இடம் மங்கிவிடும்.

1. முதலில் பழைய பட்டையைச் சோதியுங்கள்

இரவில் காருக்குப் பின்னால் 10 மீட்டர் தள்ளி நில்லுங்கள். டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில், 5 சென்டிமீட்டர் இடைவெளியில் பிடித்து அடியுங்கள். பட்டை நெருப்பாகச் சிவக்கும். அப்படியே டார்ச்சை இடுப்புக்கு இறக்குங்கள், வெளிச்சம் சட்டென்று குறைந்துவிடும். திரும்பும் ஒளி அவ்வளவு குறுகலானது. பட்டையிலிருந்து பார்த்தால் விளக்குக்கும் கண்ணுக்கும் இடையே ஒரு கோணம் வரும். ஐ.நா. விதிமுறையில் ரிஃப்ளெக்டரைச் சோதிக்கும் அந்தக் கோணங்களில் ஒன்று, ஒரு பாகையில் மூன்றில் ஒரு பங்கு. டார்ச்சைக் கண்ணோரம் பிடிக்கும்போது கிட்டத்தட்ட அந்தக் கோணம்தான் வருகிறது. 100 மீட்டர் பின்னால் வரும் காரில், ஹெட்லைட்டுக்கும் ஓட்டுநரின் கண்ணுக்கும் 60 சென்டிமீட்டர் உயர வித்தியாசம் இருந்தால் அதுவும் இதே கோணம்தான்.

ஃபிளாஷ் போட்டு ஒரு படமும் எடுத்து வையுங்கள். பிறகு ஒப்பிட உதவும்.

2. எதை வாங்குவது

ஃபிலிமும் ஸ்ப்ரேவும் ஏன் வேண்டாம் என்கிறேன்? ஒளி அதன் வழியாக உள்ளே போய், மறுபடி அதன் வழியாகவே வெளியே வர வேண்டும். பாதி ஒளியை விடும் ஃபிலிம் என்றால் திரும்பி வருவது கால் பங்கு. 20 சதவீதம் மட்டும் விடும் ஃபிலிம் என்றால் வெறும் 4 சதவீதம். பகலில் அழகாக இருக்கும், இரவில் பட்டை இருக்கிற சுவடே தெரியாது.

எல்இடி பட்டையிலும் ஏமாறலாம். நான் ஒருமுறை வாங்கிய ஜோடி பளபளவென்று எரிந்தது. விளக்கை அணைத்துவிட்டு டார்ச் அடித்தால் ஒன்றுமே திரும்பி வரவில்லை. தேன்கூட்டுக் கட்டம் போல மேலே கோடு மட்டும் போட்டிருந்தார்கள், உள்ளே அந்த மூலைகளே இல்லை. அன்றிரவே பழையதைத் திரும்ப மாட்டினேன்.

அதனால் லென்ஸில் பொறித்திருப்பதைப் படியுங்கள். ஐ.நா. விதிமுறைப்படி ஒப்புதல் பெற்றதில் வட்டத்துக்குள் ‘ஈ’ (E) என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும், பக்கத்தில் ‘ஐஏ’ (IA) என்ற வகைக் குறி. அந்த ‘ஐஏ’ தான் ரிஃப்ளெக்டருக்கு உரியது. வெறும் ‘ஈ’ வட்டம் விளக்குக்கு மட்டும் வாங்கிய ஒப்புதலாகவும் இருக்கலாம். அமெரிக்கச் சந்தைக்கான பொருளில் ‘டிஓடி’ (DOT), ‘எஸ்ஏஇ’ (SAE) என்ற எழுத்துகளோடு ரிஃப்ளெக்டருக்கு ‘ஏ’ (A) குறி வரும்.

3. கழற்றுவது

சில கார்களில் பட்டை கிளிப்பில் நிற்கும், சிலவற்றில் பம்பருக்குப் பின்னாலிருந்து ஸ்க்ரூ போட்டிருக்கும். முதலில் கீழிருந்து கையை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். கிளிப் என்றால் பம்பர் ஓரத்தில் டேப் ஒட்டிவிட்டு, பிளாஸ்டிக் நெம்பியால் மெதுவாக நெம்புங்கள். ஒரு பக்கம் முழுதாக முடித்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள், மறுபக்கம் மாதிரிக்கு அப்படியே இருக்கும். துடைக்கச் சோப்புத் தண்ணீர் போதும். பெட்ரோல், தின்னர் பட்டால் அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் மயிரிழை விரிசல் விடும்.

4. ஒயர் இணைப்பு

பெரும்பாலான எல்இடி பட்டையில் மூன்று ஒயர்: எர்த், டெயில், பிரேக். நிறத்தை நம்பாதீர்கள். டெயில் லைட் கனெக்டரில் மல்டிமீட்டர் வைத்து, பார்க்கிங் லைட் போட்டால் எதில் 12 வோல்ட் வருகிறது, பிரேக் மிதித்தால் எதில் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சில கார்களில் ஒரே ஒயர் இரண்டு வேலையும் செய்யும், மின்சாரம் துடிப்பு துடிப்பாக வரும். அப்படித் தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போய்விடுங்கள்.

குறித்தபின் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு இணையுங்கள். சாலடர் வைத்தோ கிரிம்ப் செய்தோ (உலோக இணைப்பானில் ஒயரை வைத்து நசுக்கி) மேலே ஹீட் ஷ்ரிங்க் குழாய், அதாவது சூடேற்றினால் சுருங்கிக் கவ்வும் குழாய், போடுங்கள், ஒரு சின்ன பியூஸும் சேருங்கள். ஏற்கெனவே இருக்கும் ரப்பர் துளை வழியாகவே ஒயரை வெளியே எடுங்கள். சைலன்சர் பக்கம் போக விடாதீர்கள்.

5. மாட்டி, மறுபடி டார்ச்

முதல் நாள் நின்ற அதே 10 மீட்டரில், எல்லா விளக்கையும் அணைத்துவிட்டுப் பாருங்கள். பழைய படத்தை விடப் புதியது மங்கலாக இருந்தால் அது வேண்டாம். அப்புறம் ஒருவரை உட்காரவைத்து பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். டெயிலுக்கும் பிரேக்குக்கும் வித்தியாசம் ஒரே பார்வையில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பின்னால் வருகிறவர் நீங்கள் வேகம் குறைப்பதைக் கவனிக்காமல் போகலாம்.

சட்டம் என்ன சொல்கிறது

நாட்டுக்கு நாடு விதி மாறும், ஆனால் பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. விதிமுறை 48 நல்ல அளவுகோல். பின் ரிஃப்ளெக்டர் கட்டாயம், நிறம் சிவப்பு, முக்கோண வடிவம் கூடாது (அது டிரெய்லருக்கு உரியது). காரின் வெளி ஓரத்திலிருந்து 400 மில்லிமீட்டருக்குள், தரையிலிருந்து 250 முதல் 900 மில்லிமீட்டர் உயரத்துக்குள் இருக்க வேண்டும். உயரத்துக்கு மட்டும் சில விலக்குகள் உண்டு. பழைய பட்டை இருந்த இடத்திலேயே புதியதை மாட்டினால் இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. பம்பரையே மாற்றுகிறீர்கள் என்றால் டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

ஒப்புதல் பெற்ற ரிஃப்ளெக்டர் மேல் ஃபிலிம் ஒட்டினால் அது சோதனையில் தேறிய பொருள் இல்லை என்றாகிவிடுகிறது. வாகனத் தகுதிச் சோதனையில் நிறுத்தலாம். பின்னாலிருந்து யாராவது மோதினால், உங்கள் கார் சரியாகத் தெரிந்ததா என்ற கேள்வி இன்சூரன்ஸ் கோரிக்கையில் எழலாம். பிரேக் மிதித்தால் மின்னி மின்னி எரியும் வகையையும் உங்கள் ஊர் விதி பார்க்காமல் போடாதீர்கள். மாற்றத்தை இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, வாங்கிய ரசீதையும் குறிகளின் படத்தையும் வைத்துக்கொள்ளுங்கள்.

கழற்றிய ஜோடியைத் தூக்கிப் போடாமல் துணியில் சுற்றி வையுங்கள். புதியதற்குள் எப்போதாவது நீர்த்துளி தெரிந்தால் அன்றைக்கே பழையதை மாட்டிக்கொள்ளலாம்.