அரோரா பாக்க கேபி நம்பர் வேணாம், மேகத்தைப் பாருங்க

அரோரா, அதாவது வட துருவத்துப் பக்கம் ராத்திரி வானத்துல தெரியற நார்தர்ன் லைட்ஸ் பாக்க நார்வேல ட்ரோம்சோ, ஸ்வீடன்ல அபிஸ்கோ பக்கம் போறீங்கன்னா ராத்திரி டூருக்கு முன்னாடியே காசு கட்டி வைக்காதீங்க, அன்னிக்கு மத்தியானம் மேக மேப் பாத்துட்டு எந்தப் பக்கம் வானம் தெளிவா இருக்கோ அந்தப் பக்கம் போற டூரா பாத்து புக் பண்ணுங்க. கேபி நம்பர் (பூமியோட காந்தப்புலம் எவ்வளவு கலங்கியிருக்குன்னு 0-லேர்ந்து 9 வரைக்கும் சொல்ற அளவு) கம்மியா இருக்கேன்னு கவலையே வேணாம். இந்த ஊரெல்லாம் துருவத்தைச் சுத்தி அரோரா அடிக்கடி வர்ற வளையத்துக்கு நேர் கீழயே இருக்கு, அதனால கேபி 1, 2 இருந்தாலே வானத்துல பச்சை தெரியும், மறைக்கிறது பெரும்பாலும் மேகம்தான். நார்வேயோட யர் (Yr) வானிலை தளத்துல மணிக்கு மணி மேகம் எவ்வளவுன்னு பாக்கலாம், ஐஸ்லாந்துக்கு வேதுர் (Vedur) தளம், வேதுரோட மேப்ல வெள்ளையா இருக்கிற இடம்தான் தெளிவான வானம், நிறைய பேர் இதைத் தலைகீழா புரிஞ்சுக்கறாங்க. மேல மெல்லிசா இருக்கிற மேகம் பெரிய தொந்தரவு இல்ல, கீழ்மட்ட மேகம்தான் மொத்தமா மூடிடும். ட்ரோம்சோ கடலோரம் மூடியிருந்தாலும் உள்ள தள்ளி ஷிபோத்ன் பக்கம், இல்லன்னா பின்லாந்து பார்டர் தாண்டினா பல நாள் நட்சத்திரம் தெரியும், ஏன்னா நடுவுல இருக்கிற மலைங்க கடல் ஈரத்தைத் தடுத்துடுது.

ஆனா ஸ்காட்லாந்து மாதிரி தெற்கு இடங்களுக்கு இது மட்டும் போதாது, அங்க கேபி நல்லா ஏறினாத்தான் ஏதாவது தெரியும். கிறிஸ்துமஸ், நியூ இயர் வாரத்துல டூரெல்லாம் சீக்கிரமே நிறைஞ்சிடும், அப்ப மட்டும் காசு திரும்பக் கிடைக்கிற டிக்கெட்டா பாத்து முன்னாடியே போட்டு வைங்க.