கல்யாணத்துக்கு மேளம் பேசுவது எப்படி? முதன்முறை பொறுப்பேற்பவருக்கு

சமையல்காரரைப் பேச வீட்டிலிருந்து நான்கு பேர் கிளம்புவார்கள். மேளம் பேச ஒருவரும் கிளம்பமாட்டார்கள். "மண்டபத்துக்காரரே யாரையாவது பார்த்துக்கொள்வார்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இந்த முறை அந்தப் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருக்கிறதா? ராகம் தெரியாதே என்று கலங்க வேண்டாம். என் அக்கா மகளின் கல்யாணத்தில் நான் இதை ஏற்றுக்கொண்டபோது எனக்குத் தோடிக்கும் கல்யாணிக்கும் வித்தியாசம் தெரியாது.

முதல் படி: பாட்டுப் பட்டியல் போடாதீர்கள், நேரப் பட்டியல் போடுங்கள்

சடங்குகள் வீட்டுக்கு வீடு மாறும். ஊஞ்சல் இல்லாத குடும்பங்கள் உண்டு, காசி யாத்திரை இல்லாத குடும்பங்களும் உண்டு. அதனால் வீட்டுப் பெரியவர்களையும் புரோகிதரையும் உட்காரவைத்து, மாப்பிள்ளை அழைப்பு தொடங்கி மறுநாள் வரவேற்பு வரை நேரத்தோடு எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்றில் ஒன்றைக் குறியுங்கள்: மேளம், வாய்ப்பாட்டு, மௌனம். மூன்றாவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். மந்திரம் ஓதும் நேரத்தில் மேளமும் ஒலித்தால் இரண்டுமே காதில் ஏறாது.

இரண்டாம் படி: மேளம் பேசுதல்

முழு செட் என்றால் இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், ஒரு தாளம், ஒரு சுருதிப்பெட்டி. செலவைக் குறைக்க வேண்டுமானால் ஒன்றுக்கு ஒன்று போதும். சுமாராக வாசிக்கும் நால்வரைவிட நன்றாக வாசிக்கும் இருவர் மேல் என்பது என் கட்சி.

கைபேசியில் அனுப்பும் காணொளியை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள். கோயில் திருவிழாவிலோ வேறொரு கல்யாணத்திலோ அரை மணி நேரம் நேரில் கேளுங்கள். நாதஸ்வர வித்வானிடம் பேச்சை எப்படித் தொடங்குவது என்று கூச்சமாக இருந்தால் அவருடைய வாத்தியத்தைப் பற்றி விசாரியுங்கள். ஆச்சா மரத்தில் கடைந்து செய்யும் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 'இது அந்த ஊரில் செய்ததா?' என்று கேட்டால் போதும், மீதியை அவரே பேசுவார்.

ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலானோர் கல்யாணம் வைப்பதில்லை. அதனால் வைகாசி, ஆவணி, தை முகூர்த்த நாள்களில் நல்ல வித்வான்களைப் பிடிப்பது கடினம். நாள் குறித்த வாரத்திலேயே வெற்றிலை பாக்கோடு முன்பணம் கொடுத்துவிடுங்கள். முந்தின நாள் மாலையும் சேர்த்தா, காலை மட்டுமா, போக்குவரத்துச் செலவு யாருடையது, எங்கே தங்குவார்கள் என்பதையெல்லாம் அப்போதே தெளிவாகப் பேசிவிடுங்கள்.

மூன்றாம் படி: எப்போது எது

இதில் வித்வானின் சொல்லைத்தான் கேட்க வேண்டும். ஆனாலும் அவர் சொல்வது உங்களுக்குப் புரிய வேண்டுமல்லவா? தொடக்கத்தில் பிள்ளையாருக்கு நாட்டை ராகமோ ஹம்ஸத்வனி ராகமோ வாசிப்பார்கள். முத்துசுவாமி தீட்சிதரின் 'வாதாபி கணபதிம்' ஹம்ஸத்வனிதான். விடியற்கால முகூர்த்தத்துக்குப் பௌளி, பிலஹரி, கேதாரம் போன்றவை பொருந்தும். மாலையில் கல்யாணியையோ காம்போதியையோ விரித்து வாசிக்க நேரம் இருக்கும். முடிவில் மங்களத்துக்கு மத்தியமாவதி, சுருட்டி.

ஊஞ்சலை மட்டும் பெண்களிடம் விட்டுவிடுங்கள். அங்கே லாலி பாட அத்தையும் சித்தியும் இருந்தால் மேளம் ஒதுங்கி நிற்கட்டும். குரல் கொஞ்சம் பிசிறினால் என்ன? ஒலிநாடாவில் ஓடும் லாலியைவிட அதுதான் அழகு.

முகாரியை அழுகை ராகம் என்று முத்திரை குத்தியிருக்கிறார்கள். அது நியாயமில்லை என்று இசை தெரிந்தவர்கள் வாதாடுவார்கள். அந்த வாதத்தை உங்கள் வீட்டுக் கல்யாண மேடையில் நடத்த வேண்டாம்.

திரைப்பாடல் வேண்டுமென்றால் தாலி கட்டி முடிந்த பிறகு மூன்று நான்கு கேட்டு வாங்குங்கள். பாடல் வரிகளை முதலில் ஒருமுறை படித்துப் பார்த்துவிடுங்கள். நாதஸ்வரத்தில் சொல் இல்லைதான். ஆனால் கேட்பவர் மனத்தில் சொல் ஓடும். பிரிவைப் பாடும் மெட்டுக்குத் தலையாட்டிக்கொண்டே மாப்பிள்ளையின் மாமா உங்களைத் திரும்பிப் பார்ப்பார்.

நான்காம் படி: கெட்டிமேளம்

மற்ற எல்லாவற்றிலும் கொஞ்சம் பிசகலாம், இதில் கூடாது. தாலி கட்டும் நொடியில் தும்மலோ அழுகையோ அபசகுனச் சொல்லோ காதில் விழக்கூடாது என்பதற்காகத்தான் தவிலும் நாதஸ்வரமும் அப்படி முழங்குகின்றன. புரோகிதர் "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று கூவி விரலை உயர்த்துவார். அந்த விரல் வித்வான்களின் கண்ணில் பட வேண்டும். ஆகவே அவர்களை மேடைக்குப் பக்கவாட்டில், மணவறை தெரியும்படி உட்காரவையுங்கள். நடுவில் வீடியோக்காரர்கள் சுவர் எழுப்பாமல் பார்த்துக்கொள்ள ஒரு பையனை நிறுத்துங்கள்.

எங்கள் வீட்டில் என்ன நடந்தது தெரியுமா? காலை நான்கு மணியிலிருந்து வாசித்தவர்களுக்கு ஒருவரும் டிபன் கொடுக்கவில்லை. பசி தாங்காமல் பந்திக்குப் போனார்கள். நல்ல நேரம் முடியப்போகிறது என்று புரோகிதர் அவசரப்படுத்த, விரல் உயர்ந்தபோது தவில் உறையோடு கிடந்தது. அக்காவின் மாமனார் எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டினார். வீடியோவில் அது இன்றும் கேட்கிறது. தவறு முழுக்க என்னுடையது. முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே அவர்களுக்கு இலை போட்டுவிடுங்கள்.

ஐந்தாம் படி: ஒலிபெருக்கி

கோயில் வீதியில் சுவாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் வாத்தியம் நாதஸ்வரம். மூடிய குளிர்சாதன மண்டபத்தில் அதற்கு மைக் எதற்கு? வாசிப்பவரே கேட்டாலொழிய வைக்காதீர்கள். மாலை வரவேற்பின் இன்னிசைக் கச்சேரிக்கும் ஒலியைக் குறைக்கச் சொல்லுங்கள். திறந்தவெளி என்றால் இரவு 10 மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம்.

பாட்டுப் போட்டால் உரிமத்தொகை கட்ட வேண்டும் என்று யாராவது மிரட்டினால் பதற வேண்டாம். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டமே திருமணத்துக்கும் அதைச் சார்ந்த கொண்டாட்டங்களுக்கும் விலக்கு தந்திருக்கிறது. 2023-இல் ஒன்றிய அரசும் அதைத் தெளிவுபடுத்தியது.

ஆறாம் படி: கவர்

பேசிய தொகையைக் கவரில் போட்டு, வேட்டி துண்டோடு முந்தின இரவே எடுத்துவையுங்கள். மங்களம் வாசித்து முடித்ததும் கையில் கொடுத்துவிடுங்கள். பெண்ணின் அப்பாவைத் தேடிக்கொண்டு அவர்கள் மண்டபத்தைச் சுற்றி வரக்கூடாது. அன்று அவர்களுக்கு வேறொரு மண்டபமும் காத்திருக்கலாம்.