அணிற்பிள்ளை கையில் கிடைத்தால் பாலைக் காய்ச்சாதீர்கள்

தென்னை மட்டை கழிக்கும்போதோ ஏ.சி. பெட்டியின் பின்புறம் சுத்தம் செய்யும்போதோ கூடு கலைந்து, கண் திறக்காத அணிற்பிள்ளை கீழே விழும். எடுத்தவர் நேரே அடுப்படிக்குத்தான் போவார். அதற்குமுன் தாயைப் பாருங்கள். மனித வாடை பட்டால் தாய் சேர்க்காது என்பது வெறும் பேச்சு. காயமில்லாமல், உடம்பு கதகதப்பாக இருந்தால், துணி விரித்த சின்ன அட்டைப் பெட்டியில் வைத்து, கூடு இருந்த இடத்துக்குப் பக்கத்தில் பூனைக்கு எட்டாத உயரத்தில் கட்டிவிட்டுத் தள்ளி நில்லுங்கள். காக்கையும் எறும்பும் வராமல் பார்த்துக்கொண்டால் போதும்; தாய் வாயில் கவ்விக்கொண்டு போய்விடும். அணில் பகலில்தான் நடமாடும், ஆகவே இருட்டிய பிறகு உள்ளே எடுத்து வைத்து, விடிந்ததும் மறுபடி முயலலாம்.

தாய் வரவில்லை, குட்டி சில்லிட்டிருக்கிறது என்றால் முதலில் சூடு, பிறகு நீர், கடைசியில்தான் பால். குளிர்ந்த உடம்பில் குடல் வேலை செய்யாது. ஊட்டிய பால் செரிக்காமல் தங்கி வயிறு உப்பும். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வையுங்கள். சூடு கூடினால் குட்டி மறுபாதிக்கு நகர இடம் வேண்டும். வெயிலில் காயவைப்பது, பாவம், வதக்குவது போலத்தான்.

உடம்பு சூடேறியதும் பொட்டலத்தில் சொன்ன அளவில் கரைத்த ஓ.ஆர்.எஸ். நீரை வெதுவெதுப்பாகச் சில சொட்டு கொடுங்கள். பசும்பாலில் அணிலுக்குத் தேவையான கொழுப்பும் புரதமும் குறைவு, லாக்டோஸ் அதிகம். வயிற்றுப்போக்கு பிடித்தால் இத்தனை சிறிய உயிர் ஒரே நாளில் வற்றிவிடும். நாய்க்குட்டிக்கென விற்கும் பால் பவுடர் மேல்.

அளவு: ஒரு வேளைக்கு எடையில் 5 சதவீதம். 20 கிராம் குட்டிக்கு 1 மில்லி. கண் திறக்காததற்கு இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை.

அதிகம் சாவது ஊட்டும் விதத்தால்தான். மல்லாக்கப் போட்டுப் பாலாடையிலோ இங்க் பில்லரிலோ புகட்டினால் பால் நுரையீரலுக்குள் போய் நிமோனியாவாகும். குட்டியைக் குப்புற, தலை சற்று உயர்த்திப் பிடித்து, ஊசி கழற்றிய 1 மில்லி சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். மூக்கில் பால் வந்தால் உடனே நிறுத்தி, தலையைத் தாழ்த்தித் துடைத்துவிட்டு, மூச்சு சீராகும்வரை பொறுங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று: இந்த வயதில் குட்டியால் தானாகச் சிறுநீர் கழிக்க முடியாது. ஒவ்வொரு வேளையும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் அடிப்புறத்தை மெல்ல வருடிவிடுங்கள், தாய் நக்குவதுபோல. இதை விட்டால் எந்தப் பாலும் உதவாது.

பூனை கவ்விய குட்டி என்றால் இதெல்லாம் இரண்டாம்பட்சம். தோலில் ஓட்டை தெரியாவிட்டாலும் பூனையின் எச்சில் கிருமி ரத்தத்தில் கலக்கும். அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டி ஆன்டிபயாடிக் கேளுங்கள்; வனத்துறைக்கும் சொல்லிவிடுங்கள்.