வெளிநாட்டுப் பயணத்துக்கான பிளக் அடப்ரர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையின் வன்னியில், மாங்குளம் சந்தியில் மின்சாதனங்கள் திருத்தும் சிறிய கடையொன்றை நடத்தி வருகிறேன். மல்லாவி, துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்கங்களிலிருந்து வருகிறவர்களில், பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு புறப்படும் தாய் தகப்பன்மார் வர வர அதிகமாகிறார்கள். "தம்பி, கனடாவுக்குக் கொண்டுபோக ஒரு அடப்ரர் தாருங்கோ" என்று அவர்கள் கேட்பார்கள். எந்தச் சாதனத்துக்கு என்று நானும் ஒரு காலத்தில் கேட்டதில்லை. தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்துக் காசை வாங்கிப் போட்டேன். இப்போது என்னிடம் வேலை பழகும் பெடியன் அதையே செய்வதைப் பார்க்கும்போது, நான் பிழைவிட்டுக் கற்றுக்கொண்டவற்றை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது. அடப்ரரை மறந்து விட்டுப் போவது, விமான நிலையத்தில் இரட்டை விலைக்கு வாங்குவது போன்றவை எல்லோரும் அறிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

"ஐரோப்பா அடப்ரர்" என்று கேட்பது

ஐரோப்பாவில் ஒரே பிளக் இல்லை. ஜேர்மனியிலும் நோர்வேயிலும் சொக்கற் வட்டக் குழியாக இருக்கும். எர்த் தொடுப்பு, அதாவது கசியும் மின்சாரத்தை நிலத்துக்குக் கொண்டுபோகும் தொடுப்பு, அதன் மேலும் கீழும் தகடாக வரும். பிரான்சில் அதே அளவுக் குழிக்குள் எர்த் முள் சொக்கற்றிலிருந்தே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சுவிஸில் சொக்கற் ஆறு பக்கம் கொண்ட ஒடுங்கிய குழி; ஜேர்மனிய வகையின் தடித்த வட்ட உடல் அதற்குள் இறங்காது. சூரிச்சில் மகன் வீட்டுக்குப் போன ஒருவர், நான் கொடுத்த தடித்த அடப்ரரைத் திரும்பக் கொண்டுவந்து மேசையில் வைத்த நாளில்தான் இந்த வேறுபாட்டை நான் ஒழுங்காகப் படித்தேன். இரண்டு மெல்லிய உருண்டை முள் மட்டும் கொண்ட தட்டையான சிறிய வகை இந்த மூன்று இடங்களிலும் போகும். ஆனால் அது 2.5 அம்பியருக்கு மட்டுமே செய்யப்பட்ட வடிவம், எர்த்தும் இல்லை; போன் சார்ஜருக்கும் சவர இயந்திரத்துக்கும் அது போதும், ஸ்திரிக்கைக்கு ஆகாது.

பிரித்தானியாவுக்குப் போகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அங்குள்ளது எங்கள் 13 அம்பியர் சதுர முள்ளேதான்.

முள் பொருந்தினால் மின்சாரமும் பொருந்தும் என்று நம்புவது

என் அனுபவத்தில் மிக அதிகமான பொருள்களையும் பணத்தையும் தின்ற தவறு இதுதான். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இதைக் காணும்போது எனக்கு எரிச்சல் வருகிறது. அந்த எரிச்சல் வாங்குகிறவர்கள் மீது அல்ல, "உலகம் முழுவதற்கும்" என்று பெட்டியில் பெரிதாக அச்சடித்துவிட்டு, வோல்ற்றை மாற்றாது என்பதை அடியில் கடுகளவு எழுத்தில் போடுகிறவர்கள் மீது.

அடப்ரர் முள்ளின் வடிவத்தை மட்டுமே மாற்றுகிறது. அதற்குள் இருப்பவை சில பித்தளைத் தகடுகள், சிலவற்றில் ஒரு பியூஸ், அவ்வளவுதான். எங்கள் நாட்டில் 230 வோல்ற், 50 ஹேட்ஸ் (மின்னலை விநாடிக்கு 50 தரம் அடிக்கிறது என்று பொருள்). கனடாவிலும் அமெரிக்காவிலும் 120 வோல்ற், 60 ஹேட்ஸ். போர்க்காலத்தில் மின்சாரம் இல்லாத வன்னியில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட மூத்தவர்களுக்கு, மிதி வேகம் கூடினால் வோல்ற் கூடிப் பல்ப் எரிந்து போகும் என்பதை யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. அவர்களே, அழகான பெட்டியில் அடைத்து வந்த ஒரு சாதனத்தைக் கண்டதும் அந்த அறிவை ஒரு பக்கம் வைத்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன்.

போருக்குப் பின் எங்கள் பக்கத்துக்கு மின்சாரம் வந்த தொடக்க காலத்தில், வற்றாப்பளைப் பொங்கலுக்காகக் கனடாவிலிருந்து வந்த என் மாமா, கடை தொடங்கியிருக்கிறேன் என்று கேள்விப்பட்டு எனக்கொரு துளைபோடும் இயந்திரம் கொண்டுவந்தார். தட்டை முள் இரண்டு. என்னிடம் அதற்கு ஏற்ற அடப்ரர் இருந்தது, செருகினேன், கச்சிதமாகப் பொருந்தியது. விசையை அழுத்தியதும் இயந்திரம் அலறியது, பின்பக்கக் காற்றுத் துவாரங்களில் நீலத் தீப்பொறி வளையமாகச் சுற்றியது, மூன்று நான்கு விநாடிக்குள் வார்னிஷ் கருகும் மணம் கடை முழுவதும் பரவியது. திறந்து பார்த்தபோது செம்பு நிறத்தில் இருந்திருக்க வேண்டிய சுருள் கரிக்கட்டை நிறத்தில் இருந்தது. அந்த ஆர்மேச்சர், அதாவது மோட்டருக்குள் சுழலும் சுருள், இங்கே எங்கும் கிடைக்கவில்லை. அந்தக் கருகிய சுருளை இன்றும் மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறேன். அடப்ரர் கேட்டு வருகிறவர்களுக்கு முதலில் அதைத்தான் எடுத்துக் காட்டுகிறேன்.

சூடாக்கும் சாதனங்களில் கணக்கு இன்னும் தெளிவானது. வோல்ற் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். 120 வோல்ற்றுக்கென்று செய்த 700 வாற் ரைஸ் குக்கரை எங்கள் 230 வோல்ற்றில் செருகினால் அது ஏறத்தாழ 2,570 வாற் இழுக்கும். உள்ளிருக்கும் வெப்ப பியூஸ் அறுந்து போனால் அது நல்வாய்ப்பு. மறுபுறம், இங்கிருந்து 2,000 வாற் கேத்திலைக் கனடாவுக்குக் கொண்டுபோனால் அங்கே அது 545 வாற் அளவில்தான் வேலை செய்யும். ஒன்றரை லீற்றர் தண்ணீர் நான்கு நிமிடத்தில் கொதித்த இடத்தில் கால் மணித்தியாலம் காத்திருக்க வேண்டும். எதுவும் எரியாததால், அங்குள்ளவர்கள் கேத்தில் பழுது என்று நினைத்து எறிந்துவிடுகிறார்கள்.

கேத்திலானால் பரவாயில்லை. ஒட்டுசுட்டானைச் சேர்ந்த ஒரு அம்மா, மகளின் பிள்ளைப்பேற்றுக்காகக் கனடாவின் ஸ்காபரோவுக்குப் போகும்போது, தன் இழுப்பு நோய்க்கு மருந்தைப் புகையாக்கிக் கொடுக்கும் நெபுலைசரையும் எடுத்துச் சென்றார். அதற்கான அடப்ரரை நான்தான் கொடுத்தேன். பின்பக்க ஸ்டிக்கரில் 230 வோல்ற், 50 ஹேட்ஸ் என்று மட்டுமே இருந்தது; அதை நான் திருப்பிப் பார்க்கவில்லை. அங்கே போன மூன்றாம் நாள் இரவு, குளிரில் இழுப்பு வந்தபோது இயந்திரத்தைப் போட்டிருக்கிறார்கள். சிறு விளக்கு எரிந்தது, மோட்டர் மெதுவாக முனகியது, ஆனால் முகமூடிக்குள் புகை வரவில்லை; காற்றைத் தள்ளும் பலம் அந்த மோட்டருக்கு 120 வோல்ற்றில் போதவில்லை. மகள் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோனதால் ஒன்றும் நேரவில்லை. ஊர் திரும்பிய பிறகு அந்த அம்மா என்னிடம் கோபப்படவில்லை. "நீங்கள் தந்தது சரியாகத்தான் பொருந்தியது, தம்பி" என்றுதான் சொன்னார். அந்த வார்த்தை எனக்கு இன்றும் உறுத்துகிறது. மருத்துவச் சாதனமாக இருந்தால், அடப்ரர் பற்றி யோசிப்பதற்கு முன்பே, அந்த நாட்டு மின்சாரத்தில் அது இயங்குமா என்பதை உறுதிசெய்யுங்கள். இயங்காதென்றால், போய்ச் சேரும் நாளிலேயே அங்குள்ள இயந்திரமொன்று வீட்டில் இருக்கும்படி பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.

இதைத் தவிர்க்க வேண்டுமானால் சாதனத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். சார்ஜரின் அடியிலோ இயந்திரத்தின் முதுகிலோ 'இன்புட்' என்று ஒரு வரி இருக்கும். அதில் 100–240 வோல்ற், 50/60 ஹேட்ஸ் என்று இருந்தால் எந்த நாட்டுக்கும் அடப்ரர் மட்டும் போதும். இன்றைய போன், மடிக்கணினி, கமெரா சார்ஜர்களில் மிகப் பெரும்பாலானவை இப்படிப்பட்டவை. 220–240 என்று மட்டும் இருந்தால், வட அமெரிக்காவுக்கும் 100 வோல்ற் கொண்ட ஜப்பானுக்கும் அதைக் கொண்டுபோக வேண்டாம். 110 அல்லது 120 என்று மட்டும் இருந்தால், அதை எங்கள் சுவரில் செருக வேண்டாம். இந்த எழுத்து கறுப்பு உடலில் கறுப்பாகவே பொறிக்கப்பட்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டால் போனில் படம் எடுத்துப் பெருப்பித்துப் பாருங்கள், அல்லது சாதனத்தையே கடைக்குக் கொண்டு வாருங்கள்.

வோல்ற்றையும் மாற்றித் தரும் சிறிய கொன்வேர்ட்டர் ஒன்று இருக்கிறதே என்று சிலர் கேட்பதுண்டு. உள்ளங்கையில் அடங்கி, 1,600 வாற் என்று போட்டிருக்கும் இலேசான வகை, மின்னலையை வெட்டித்தான் வெப்பச் சுருளுக்குக் கொடுக்கிறது. அது பழைய மாதிரித் தலைமயிர் உலர்த்திக்கும் ஸ்திரிக்கைக்கும் மட்டும் உரியது. மோட்டருக்கும் இலத்திரனியல் பலகைக்கும் அதைக் கொடுத்தால் அவை கெட்டுப்போகும். இரும்புக் கருவும் செம்புச் சுருளும் கொண்ட உண்மையான ட்ரான்ஸ்போமர் நம்பகமானதுதான், ஆனால் 500 வாற் கிரைண்டர் புறப்படும் கணத்தில் இழுக்கும் மின்னோட்டத்தைத் தாங்க 1,500 வாற் அளவில் ஒன்று வேண்டும். அதைத் தூக்கிக்கொண்டு யாரும் விமானம் ஏற மாட்டார்கள். அதோடு ட்ரான்ஸ்போமர் வோல்ற்றைத்தான் மாற்றும், 50 ஹேட்ஸை 60 ஆக்காது. ஆகவே கிரைண்டரையும் ரைஸ் குக்கரையும் ஊரிலேயே விட்டுவிட்டு, போன இடத்தில் வாங்குவதுதான் மலிவு.

எர்த் முள்ளைத் தொலைப்பது

ஸ்திரிக்கை, கேத்தில், உலோக உடல் கொண்ட மடிக்கணினி ஆகியவற்றின் மூன்றாவது முள் அலங்காரத்துக்கு அல்ல. எல்லா நாட்டுக்கும் என்று விற்கப்படும் சதுரக் கட்டி அடப்ரர்கள் பலவற்றில், மூன்று முள் பிளக் முகப்பில் அழகாக இறங்கும். பின்பக்கம் வெளியே தள்ளுவது இரண்டு முள்ளை மட்டும்தான். எர்த் நடுவழியில் நின்றுவிடுகிறது. மடிக்கணினியின் விளிம்பில் விரலை ஓட்டும்போது மெல்லச் சுரீரென்று ஓர் அரிப்புத் தெரிந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான். மடிக்கணினியில் அது அரிப்போடு நின்றுவிடும். உள்ளே கம்பி உரசிப்போன ஸ்திரிக்கையில் அப்படி நிற்காது. வாங்கும்போது அடப்ரரின் பின்பக்கத்தைத் திருப்பி, எர்த் எங்கே வெளியே வருகிறது என்று விரலால் தொட்டுப் பாருங்கள். எர்த் வெளியே வருவதைக் காட்ட முடியாத அடப்ரரை வாங்காமல் வைத்துவிட்டு வாருங்கள்.

பேனாவால் சொக்கற்றைத் திறப்பது

13 அம்பியர் சொக்கற்றின் மேல் துளையில் பேனா மூடியைக் குத்தி, உள்மூடியைத் திறந்து, இரண்டு முள் பிளக்கை இறுக்கிச் செருகும் பழக்கத்தை லண்டனுக்கும் கட்டாருக்கும் கொண்டுபோக வேண்டாம். அந்த உள்மூடி, குழந்தையின் விரலுக்கும் மின்சாரத்துக்கும் நடுவே இருப்பது.

அம்பியரைப் பார்க்காமல் வாங்குவது

அடப்ரரின் எல்லை அம்பியரில்தான் இருக்கிறது. வாற் அதிலிருந்து வருவது. 6 அம்பியர் பியூஸ் உள்ள அடப்ரர் 230 வோல்ற்றில் 1,380 வாற் தாங்கும். அதே அடப்ரர் 120 வோல்ற் நாட்டில் 720 வாற்றோடு முடிந்துவிடும். ஊரில் ஓடிய சாதனம் அங்கே பியூஸை அறுத்துவிட்டது என்று சொல்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். அறுந்த பியூஸுக்குப் பதிலாகச் சிகரெட் தாளில் உள்ள வெள்ளித் தகட்டைச் சுற்றிப் போட்ட ஓர் அடப்ரரை ஒருமுறை என் கையில் வாங்கினேன்; அதன் ஒரு பக்கம் மெழுகுபோல் உருகி வழிந்திருந்தது.

அடப்ரரின் மேல் அடப்ரர்

வேண்டாம். பாரத்தில் கீழே சரியும், தொடுப்புத் தளரும், தளர்ந்த இடம் சூடாகும்.

தேவையில்லாத இடத்துக்கு வாங்குவது

டுபாய், கட்டார், குவைத், சிங்கப்பூர், மலேசியா ஆகிய இடங்களில் 13 அம்பியர் சதுர முள்தான். உங்கள் பிளக்கும் அதுவாக இருந்தால் காசை மிச்சம் பிடியுங்கள். இந்தியாவுக்குச் சிகிச்சைக்கோ கோயிலுக்கோ போகிறவர்களுக்கு நேர்மாறு. எங்கள் பழைய வீடுகளில் உள்ள 5 அம்பியர் உருண்டை மூன்று முள் அங்கே போகும்; இங்கே இப்போது நாட்டின் தரமாக்கப்பட்டிருக்கும் சதுர முள் அங்கே இறங்காது.

மடிக்கணினிக்கு அடப்ரரே வாங்காமல் இருப்பதற்கும் வழியுண்டு. அதன் சார்ஜர் கட்டியிலிருந்து சுவருக்குப் போகும் வயர் பெரும்பாலும் தனியாகக் கழன்று வரும். கழன்ற முனை இலை மூன்று சேர்ந்தது போலவோ, எட்டு இலக்கம் போலவோ இருக்கும். அந்த வடிவம் உலகெங்கும் ஒன்றுதான். போகும் நாட்டின் பிளக் பொருத்திய வயரொன்றை அங்கே வாங்கி மாட்டினால், எர்த் முள் உள்ள சார்ஜருக்கு எர்த்தும் சரியாகக் கிடைக்கும், சுவரிலிருந்து கட்டியாக எதுவும் தொங்காது. பல்கலைக்கழகப் படிப்புக்காக அவுஸ்திரேலியா போன என் பெறாமகளுக்கு இதைத்தான் சொன்னேன். அங்குள்ள சரிந்த தட்டை முள் வயரை மெல்பேர்னில் வாங்கி மாட்டிக்கொண்டாள், நான் கொடுத்து விட்ட அடப்ரர் பெட்டியைத் திறக்கவே இல்லை.

கட்டுநாயக்கா போகும் வழியில் வாங்குவது

இரவு பஸ் ஏறுவதற்கு அரை மணித்தியாலம் முன் கடைக்கு ஓடி வந்தால், தட்டில் இருப்பதைத்தான் என்னால் தர முடியும். பயணத்துக்கு ஒரு கிழமை முன்பே, கொண்டுபோகும் சாதனங்களை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள்; ஒவ்வொன்றின் முதுகையும் சேர்ந்து வாசிப்போம்.